பத்து மடங்கு கண்ணாடி

என் வேலையே புள்ளி தேடுவதுதான். பினாங்கு பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், 14 வருடமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சில்லுகள் தட்டில் வரிசையாக வரும். கீறல், தூசி, கறை, எது இருந்தாலும் ரிஜெக்ட். கியூசி என்பார்கள், தரச் சோதனை. காலை 7 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 7 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அப்படிப் பழகிய கண்ணுக்கு வீட்டுக்கு வந்தாலும் ஓய்வு கிடையாது. அரிசியில் கல், மகன் சட்டைக் காலரில் மை, சுவரில் பல்லி எச்சம், எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தக் கண்ணோடு ஒருநாள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் வட்டக் கண்ணாடி ஒன்றை 12 வெள்ளிக்கு, அதாவது 12 ரிங்கிட்டுக்கு, வாங்கி வந்தேன். சுற்றிலும் விளக்கு வேறு. அன்றைக்குப் பிடித்தது சனி.

அதுவரை என் மூக்கு ஒரு சாதாரண மூக்காகத்தான் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கறுப்புப் புள்ளி, நெற்றியில் முடி ஆரம்பிக்கும் இடத்தில் சொரசொரப்பு, அவ்வளவுதான். புதுக் கண்ணாடியில் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. இடியாப்ப அச்சைக் கழுவாமல் விட்டால் ஒவ்வொரு ஓட்டையிலும் மாவு அடைத்துக் காய்ந்து நிற்குமே, என் மூக்கு அப்படி இருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் ஒருநாள் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "மூக்கையும் கியூசி பண்றியா?" என்றார்.

கொழுந்தனாருக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். நான்தான் மூத்த மருமகள், தட்டு எடுத்து முன்னால் நடக்க வேண்டும், வீடியோ வேறு எடுப்பார்கள். 5 நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இன்றைக்கு இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, தொட்டியில் இருந்த கற்பூரவல்லி நாலு இலையைக் கிள்ளிப் போட்டு, துண்டால் தலையை மூடி 15 நிமிடம் ஆவி பிடித்தேன். முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆனது. அப்புறம் தலையில் செருகும் ஹேர்பின்னை எடுத்து, வளைந்த பக்கத்தால் மூக்கை அழுத்தினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் ஏழெட்டு சுலபமாக வந்தன. மேலே கறுப்பு, கீழே மஞ்சள் வெள்ளையில் மெழுகுத் திரி மாதிரி. அது வெளியே வருவதைப் பார்க்கும்போது கிடைக்கிற திருப்தி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கெடுப்பது. இடது பக்கம் மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பில் ஒன்று மட்டும் வரவில்லை. பின்னை விட்டுவிட்டு இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் பிதுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வரவில்லை. கடைசியில் கொஞ்சம் ரத்தம் வந்தது. சரி, வந்தாயிற்று என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த இடம் தொட்டால் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மூக்கின் அந்தப் பக்கம் முழுக்க வீங்கி, சிவந்து, சூடாக இருந்தது. சிரித்தால் மேலுதடு இழுத்தது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் வயதானவர். பார்த்தவுடன், "எதால குத்துனீங்க?" என்றுதான் கேட்டார். ஹேர்பின் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு முகம் வரைந்து, அதில் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். மேல் முனை இரண்டு புருவத்துக்கும் நடுவில், கீழ் முனைகள் வாயின் இரண்டு கோடியில். அந்தப் பகுதி ரத்தக் குழாய்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் மூளையை ஒட்டிய குழாய்களோடு தொடர்பு இருக்கிறதாம். அதனால் அங்கே சீழ் பிடித்தால் மிக அபூர்வமாக, ஆனால் மிக மோசமாக, கிருமி உள்ளே போய்விடலாம். காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் கிளினிக்குக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள் என்றார். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆன்டிபயாடிக் 7 நாள் சாப்பிட்டேன், வீக்கம் இறங்கியது. நிச்சயதார்த்த வீடியோவில் நான் எல்லா இடத்திலும் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டே நிற்கிறேன். கொழுந்தனார் மனைவி இன்றும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிப்பாள்.

வீக்கம் ஒரு வாரத்தில் போயிற்று. அது இருந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு நின்றது. அது மங்க 9 மாதம் பிடித்தது. நம்முடைய நிறத் தோலுக்கு இது ஒரு சங்கடம்: எங்கே காயம் பட்டாலும், எங்கே எரிச்சல் வந்தாலும், தோல் அங்கே கூடுதலாக நிறத்தை ஊற்றி வைத்துவிடும். ஊசி முனை அளவு கரும்புள்ளியை எடுக்கப் போய் மிளகு அளவு கறையைச் சம்பாதித்தேன். கணக்குப் பார்த்தால் இதைவிட நஷ்ட வியாபாரம் இல்லை.

திரும்பக் காட்டப் போனபோது டாக்டரிடம் கொஞ்சம் பேச நேரம் கிடைத்தது. "டாக்டர், நான் நல்லாத்தான் முகம் கழுவுறேன், இவ்வளவு அழுக்கு எப்படி?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அழுக்குன்னு யார் சொன்னது?" என்றார்.

அழுக்கே இல்லையாம். தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெயும், உள்ளே உதிரும் செத்த தோலும் சேர்ந்து துளையை அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் அது வெள்ளைப் பொட்டு. வாய் திறந்திருந்தால் மேல் பகுதியில் காற்றுப் பட்டு, அங்கே இருக்கும் எண்ணெயும் தோலின் நிறமியும் கறுத்துப்போகின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காயை எவ்வளவு கழுவினாலும் வெள்ளையாகுமா? நான் அதுவரை சர்க்கரை, ரவை, வால்நட் தூள் போட்ட ஸ்க்ரப் என்று மூக்கைத் தேய்க்காத பொருள் இல்லை. தேய்க்கத் தேய்க்க மேல் தோல்தான் புண்ணானது, கறுப்பு அப்படியே இருந்தது.

ஆவி பிடித்தால் துளை திறக்கும் என்பதும் கதைதானாம். கதவு மாதிரித் திறந்து மூடுவதற்குத் துளைக்கென்று தசை கிடையாது. வெதுவெதுப்பில் உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அதற்குச் சாதாரண வெந்நீர்க் குளியலே போதும். கொதிக்கும் சட்டிக்கு மேல் முகத்தை நீட்டி வெந்துபோக வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட அதிர்ச்சி. நான் எண்ணி எண்ணிக் கவலைப்பட்ட புள்ளிகளில் பாதிக்கு மேல் கரும்புள்ளியே இல்லை. இதைச் சொன்னது வீட்டுக்குக் கீழே ஃபார்மசியில் இருக்கும் சீனப் பெண். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், அன்றைக்கு மன்னித்துவிட்டேன். எண்ணெய் வெளியே வருவதற்கு ஒவ்வொரு துளையிலும் நூல் மாதிரி ஓர் அமைப்பு எல்லாருக்கும் உண்டாம். மூக்கில் அது பளிச்சென்று தெரியும். தட்டையாக, ஒரே அளவில், வரிசையாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அது இந்த நூல். பிதுக்கினால் வரும், ஆனால் சில வாரத்தில் திரும்ப நிறைந்துவிடும், ஏனென்றால் அது அங்கே இருக்க வேண்டியது. உண்மையான கரும்புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், நல்ல கறுப்பாக இருக்கும், விரல் வைத்தால் லேசாகத் தட்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தேன். மூக்கில் நிஜமானது பத்துப் பன்னிரண்டு. மற்றதெல்லாம் நல்ல சில்லு, நான்தான் ரிஜெக்ட் குத்தியிருக்கிறேன்.

நெற்றி விஷயம் வேறு. அங்கே இருந்தது நிஜமான அடைப்புதான், அதுவும் முடி ஓரமாக மட்டும். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று, கண்டுபிடித்தபோது வெளியே சொல்ல முடியவில்லை. ஏனென்றால் காரணம் அம்மா.

அம்மா பிறை என்ற ஊரில் இருக்கிறார். வார விடுமுறைக்கு அங்கே போனால், வாசலிலேயே உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்து அரக்கித் தேய்ப்பார். எண்ணெய் நெற்றிக்கு வழியும். கடைசியில் கையில் மிச்சம் இருப்பதை "முகமும் வறண்டு கெடக்கு" என்று முகத்திலேயே பூசிவிடுவார். நானும் வேலை நாளில் இரவு தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு படுப்பேன். தலையணை உறை முழுக்க எண்ணெய், அதில் 7 மணி நேரம் கன்னம். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது துளையை அடைக்கக்கூடிய எண்ணெய். அடைப்பு வரும் வாகுள்ள முகத்துக்கு ஆகாது. தலைக்குப் பூசும் எண்ணெய், பசை வகைகளால் நெற்றி ஓரத்தில் இப்படி வருவது தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

அம்மாவிடம் எண்ணெயே வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். எண்ணெய் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும். நெற்றியில் ஒரு துணிப் பட்டை. குளிக்கும்போது முதலில் தலையை அலசிவிட்டு, கடைசியில் முகம் கழுவுவது. தலையணை உறை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றுவது. இந்த நாலைத் தவிர நெற்றிக்கு முதல் இரண்டு மாதம் நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. சொரசொரப்பு பாதி குறைந்தது. காசு செலவில்லாமல் கிடைத்த வெற்றி இது ஒன்றுதான்.

வீட்டு வைத்தியம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். பயத்தமாவில் முகம் கழுவுவதில் எனக்குத் தகராறு இல்லை, தேய்க்காமல் தடவிக் கழுவினால் சரி. கூட வேலை செய்யும் மலாய் அக்கா தரும் பெடாக் செஜுக் என்ற அரிசிப் பவுடர் முகத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும், கரும்புள்ளிக்கு ஒன்றும் செய்யாது. ஆப்பசோடா வேண்டவே வேண்டாம். தோல் இயல்பிலேயே லேசான புளிப்புத் தன்மை கொண்டது, சோடா அதற்கு நேர் எதிர், தோலின் காப்பைக் கெடுத்துவிடும். பற்பசையும் அப்படித்தான்.

எலுமிச்சைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒரு தங்கச்சி, லிமாவ் நிப்பிஸ் என்ற சின்ன எலுமிச்சையை வெட்டி மூக்கிலும் கன்னத்திலும் தேய்த்துக்கொண்டு, சரியாகக் கழுவாமல், மத்தியானம் மோட்டாரில் ஜார்ஜ்டவுன் வரை போய் வந்தாள். இரண்டு நாளில் தேய்த்த இடமெல்லாம் சிவந்து கொப்பளித்தது. சாறு வழிந்த கோடு கோடாகவே கறுத்தது. மணிக்கட்டில் சொட்டு விழுந்த அடையாளம்கூட அப்படியே இருந்தது. இந்தக் காய்களின் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். இயற்கைப் பொருள் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் மணிக்கட்டுதான் ஞாபகம் வரும்.

மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டையையும் விடவில்லை. உரித்ததும் அதில் முள்ளு முள்ளாக நிற்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வருவது மேல் முனையும் பூனை முடியும் அந்த நூல்களும். அடி அப்படியே இருக்கும். எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. எரிச்சல் இருக்கும் தோலிலும், நான் பின்னால் சொல்லப்போகும் மருந்து பூசும் நாட்களிலும் ஒட்டினால் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, இடியாப்ப அச்சுக்கு வருவோம். காய்ந்த மாவை ஊசியால் குத்தினால் அச்சு கீறும், மாவு போகாது. நம் வீட்டில் என்ன செய்வோம்? தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். கரும்புள்ளிக்கும் அதுதான். ஊறவைக்கத் தண்ணீர் போதாது, ஏனென்றால் உள்ளே இருப்பது எண்ணெய். எண்ணெய்க்குள் நுழைந்து அடைப்பை இளக்கக்கூடிய பொருள் வேண்டும். சாலிசிலிக் ஆசிட் அந்த வேலையைச் செய்யும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் கிடைப்பது பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை. அதைப் போட்ட ஃபேஸ்வாஷும் இருக்கிறது, ஆனால் அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறோம், அது ஊறுவது எப்போது? கழுவாமல் முகத்தில் விட்டுவைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

வாங்கி வந்ததும் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? காலையும் மாலையும், தினமும். நாலாம் நாள் மூக்கோரம் தோல் உரிந்தது. அந்த முகத்தோடு வேலைக்குப் போய், கண்ணை மட்டும் விட்டு உச்சி முதல் பாதம் வரை மூடும் வெள்ளை உடையைப் போட்டு, மூக்கை மாஸ்க்கால் கட்டி, 12 மணி நேரம் அதற்குள் மூச்சுவிட்டால் எப்படி இருக்கும்? மிளகாய் அரைத்த கையால் தடவிய மாதிரி எரிந்தது. எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி வாரத்தில் இரண்டு இரவு மட்டும் என்று ஆரம்பித்தேன். முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மூக்கிலும் நெற்றியிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. மூன்று வாரம் கழித்து ஒன்று விட்டு ஒரு இரவு. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. மாற்றம் தெரிய 6 வாரம் ஆயிற்று, அதுவும் ஒரேயடியாக இல்லை. ஒருநாள் முகம் கழுவும்போது மூக்கோரம் விரலுக்கு வழவழப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

முகத்தில் எண்ணெய் வழிகிறதே, இதில் க்ரீம் வேறா என்று நானும் கேட்டவள்தான். மருந்து தோலை வறட்டும். வறண்ட தோலுக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் நமக்குக் கறை விழும். எண்ணெய் இல்லாத, ஜெல் மாதிரி இருக்கும் மாய்ஸ்சரைசர் கொஞ்சமாகப் பூசினால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போதும். துளையை அடைக்காதது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சோப்பும் அப்படித்தான், முகம் கறகறவென்று இழுக்கும் அளவுக்குப் போகக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். வேர்த்தால் வெறும் தண்ணீர்.

சன்ஸ்க்ரீன் பற்றி எல்லாரும் தினமும் என்று சொல்வார்கள். என் நிலைமை கொஞ்சம் வேறு. சுத்த அறைக்குள் பவுடர், மேக்கப் எதுவும் போட்டுக்கொண்டு போக விடமாட்டார்கள், முகத்திலிருந்து உதிர்வது சில்லில் விழும். கிலாங் பஸ் விடியும் முன்னே வந்துவிடும், இறங்கும்போது இருட்டிவிடும். வேலை நாளில் வெயில் என்பதையே நான் பார்ப்பதில்லை. ஆனால் விடுமுறை நாளில், லெபோ பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும்கூட, எஸ்பிஎஃப் 50 பூசாமல் இறங்குவதில்லை. அந்த 9 மாதத் தழும்பு மங்கியது அதற்குப் பிறகுதான். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் கறை கறையாகவே இருக்கும்.

மாஸ்க் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு நேரத்தில் வெளியே வந்ததும் முகத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரமான மாஸ்க்கை மாற்றிவிடுங்கள். மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் உள் பஞ்சைக் கழற்றித் துவைத்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் யோசித்தார். வாங்கியதிலிருந்து துவைக்கவில்லை.

மூக்கு சரியான பிறகும் நெற்றியில் கொஞ்சம் பாக்கி நின்றது. அதற்கு கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளிதான் கட்டணம், ஆனால் அரை நாள் உட்கார வேண்டும், கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே டாக்டர் எழுதியது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். துளைக்குள்ளே செத்த தோல் ஒட்டிக்கொள்ளாமல் உதிரவைக்கும் மருந்து, அதனால் புதிதாக அடைப்பதையே தடுக்கும். நெற்றி முழுக்கவும் ஒரு பட்டாணி அளவு. புள்ளியின் மேல் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி இல்லை, எங்கெங்கே அடைக்குமோ அங்கெல்லாம். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு. சாலிசிலிக் பூசும் இரவில் இது கிடையாது. முதல் மாதம் முன்னைவிட மோசமாக, சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பியது. நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். 3 மாதமாவது பொறுக்கச் சொல்லியிருந்ததால் பொறுத்தேன். மூன்றாவது மாதக் கடைசியில் நெற்றி நெற்றியாக ஆயிற்று. கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்குத் திட்டமிடுபவர்களும் இந்த மருந்தைப் பூசக் கூடாது, கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இடையில் பரு வந்தபோது பென்சாயில் பெராக்சைடு ஒன்றும் வாங்கினேன். அது சிவந்த பருவுக்குத்தான் சரி. அதைப் பூசிய கையோடு முகம் துடைத்தால் துணி வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் மெரூன் துண்டு இப்போது ஆரஞ்சுப் பூப்போட்ட துண்டு.

பாசார் மாலாமிலும் போனிலும் விற்கிறார்களே, 7 நாளில் கரும்புள்ளி போய் முகமும் வெளுக்கும் என்று டப்பாவில் பெயர்கூடச் சரியாக இல்லாத க்ரீம், அதை மட்டும் தொடாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு, ட்ரெட்டினாயின் கலந்த க்ரீம்களை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். மலேசியாவில் முறையாக விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. (NOT) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கும். என்.பி.ஆர்.ஏ.வின் இணையத் தளத்தில் அந்த எண்ணையோ பெயரையோ தட்டினால் வர வேண்டும். வராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். என் கையே இருக்கவில்லை. பிதுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தே தீர வேண்டும் என்றால் இப்படி எடுங்கள். சாலிசிலிக் சில வாரம் பூசி நன்றாக இளகிய, வாய் திறந்த கரும்புள்ளி மட்டும். சிவந்தது, வலிப்பது, வாய் மூடியது எதையும் தொடக் கூடாது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, கையைச் சோப்பால் கழுவி, முனையில் சின்ன வளையம் உள்ள கருவியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புள்ளி வளையத்தின் நடுவில் வரும்படி வைத்து, பூனைக்குட்டியைத் தொடுகிற அழுத்தத்தில் மெல்லத் தள்ளுங்கள். வர வேண்டியது வரும். இரண்டாவது தடவையும் வராவிட்டால் விட்டுவிட்டு எழுந்துபோக வேண்டும். என் மூக்கு மடிப்பில் நடந்தது அந்த மூன்றாவது தடவைதான். அன்றைக்கு இரவு மருந்து எதுவும் வேண்டாம், மாய்ஸ்சரைசர் மட்டும். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். முக அழகு நிலையத்துக்குப் போனாலும் கருவியை உங்கள் கண் முன்னால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள், கொடுத்த 80 வெள்ளி போனாலும் பரவாயில்லை.

பெரிது பெரிதாக, வலியோடு, குழி விழும் பரு என்றால் வீட்டில் பரிசோதனை வேண்டாம். கிளினிக்கில் பார்த்து, தேவைப்பட்டால் தோல் மருத்துவருக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பத்து மடங்கு கண்ணாடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மீசை கத்தரிக்க வசதியாக இருக்கிறதாம். என் வீட்டில் இப்போது இருப்பது குளியலறைச் சுவரில் மாட்டிய சாதாரணக் கண்ணாடி. ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பேன். அங்கிருந்து தெரியாததை யாரும் பார்க்கப்போவதில்லை. அதைவிடக் கிட்ட வந்து நிற்க உரிமையுள்ள ஒருவர் இருக்கிறார், அவருக்கு மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது.

போன வாரம் அக்கா மகள் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவளுக்கு 15 வயது, என் அம்மா வீட்டில்தான் வளர்கிறாள். திரை முழுக்க மூக்கு, ஒவ்வொரு துளையும் கிணறு மாதிரி. கீழே, "சித்தி, அசிங்கமா இருக்கு, ஸ்கூலுக்கே போகப் பிடிக்கல, ஹேர்பின்னால எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாள். ஹேர்பின் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கையில் இருந்த சாப்பாட்டை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பேசினோம். கடைசியில், "போனை ஒரு கை தூரம் தள்ளிப் பிடிச்சு, ஜன்னல் பக்கம் நின்னு ஒரு படம் எடுத்து அனுப்பு பார்ப்போம்" என்றேன்.

அனுப்பினாள். மூக்கில் ஒரு புள்ளி தெரியவில்லை. நெற்றியில் மட்டும் பாட்டி பூசிவிட்ட எண்ணெய் பளபளவென்று மின்னியது.